கம்பஸ் பிள்ளைகளின் லெப்டொப்பைக் களவிலிருந்து காப்பது: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்தில் செங்கலடிப் பக்கம் லெப்டொப் திருத்துவது என் தொழில். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஊர்ப்பிள்ளைகளும் லீவில் வரும்போது கொண்டுவருவார்கள். திரை உடைந்தது, பற்றரி வீங்கியது, தேத்தண்ணி ஊற்றுப்பட்டது என்று வந்தால் ஏதாவது வழி பார்க்கலாம். "அண்ணன், லெப்டொப்பக் களவெடுத்திட்டாங்க, என்ன செய்யலாம்?" என்று வெறுங்கையோடு ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது செய்யக்கூடியது மிகக் குறைவு. பில் இருக்கா என்றால் இல்லை. சீரியல் நம்பர் தெரியுமா என்றால் தெரியாது. ஆய்வறிக்கையின் பிரதி வேறெங்காவது இருக்கா என்று கேட்டால் அழுகைதான் வரும்.

புதிய சாதாரண லெப்டொப் ஒன்றின் விலையே இப்போது லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. நகையை அடகு வைத்தும் சீட்டுக் காசை எடுத்தும் வாங்கிக் கொடுத்த வீடுகள் இங்கே நிறைய. அதனால் இந்த வேலைகளை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்து முடித்துவிடுங்கள். பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை.

களவு என்றதும் கடையில் ஒரு பூட்டு வாங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் சொல்லும் வரிசையில் பூட்டு பிந்தித்தான் வரும். முதலில் உள்ளே இருக்கும் வேலையைக் காப்பாற்ற வேண்டும். பிறகு அது உங்களுடையது என்று நிரூபிக்க வழி செய்ய வேண்டும். பூட்டு, கதவு, யன்னல் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் படி: உள்ளே இருப்பதற்கு ஒரு பிரதி

லெப்டொப்பை எப்படியாவது திரும்ப வாங்கலாம். நான்காம் வருடத்தில், வாகரையிலோ பொத்துவிலிலோ வீடு வீடாகப் போய்ச் சேர்த்த கேள்விக்கொத்துத் தரவை மறுபடி சேர்க்க முடியாது. களவு போன பிள்ளைகள் என்னிடம் அழுதது பெரும்பாலும் இதற்காகத்தான்.

கூகுள் கணக்கு ஒன்றுக்கு இணையத்தில் 15 ஜிபி சேமிப்பு இடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஜிமெயிலும் போனிலிருந்து ஏறும் படங்களும் அதே 15 ஜிபிக்குள்தான் வரும் என்பதால், படங்களால் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரம்பியிருந்தால் படிப்புக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்துகொள்ளலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு வரும் வன்டிரைவ் (OneDrive) என்ற இணையச் சேமிப்பில் 5 ஜிபி இலவசம். ஆய்வறிக்கை, ஒப்படைகள், தரவுக் கோப்புகள், விரிவுரைக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இது தாராளமாகப் போதும். படமும் பாட்டும் களவு போனால் போகட்டும்.

செய்யும் முறை இதுதான். கூகுள் டிரைவின் கணினிச் செயலியை நிறுவுங்கள். "படிப்பு" என்று ஒரே ஒரு கோப்புறை உருவாக்கி, எல்லாப் பாட வேலையையும் அதற்குள் கொண்டுவாருங்கள். டெஸ்க்டொப்பில் பாதி, டவுன்லோட்ஸில் பாதி, பென் டிரைவில் மீதி என்று சிதறிக் கிடந்தால் எதுவும் ஒழுங்காகப் பிரதியாகாது. பிறகு அந்தக் கோப்புறையை டிரைவோடு இணைத்துவிட்டால், இணையம் கிடைக்கும் நேரமெல்லாம் அது தானாகவே மேலே ஏறிக்கொள்ளும். முதல் தடவை ஏறும்போதுதான் டேட்டா அதிகம் செல்லும். அதைக் கம்பஸ் வை-ஃபையில் வைத்துச் செய்யுங்கள். அதன்பின் மாற்றிய கோப்புகள் மட்டுமே ஏறும் என்பதால் போன் டேட்டாவே தாங்கும்.

இணையத்தில் இருப்பது ஒரு பிரதி. வெளியே கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவில் இன்னொன்று வைத்திருங்கள். இங்கே பலர் விடும் பிழை, அந்த ஹார்ட் டிஸ்க்கையும் லெப்டொப் பையிலேயே போட்டு வைப்பது. பை போனால் இரண்டும் போகும். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகிறவர்கள் பிரதியை வீட்டு அலுமாரியில் வைக்கலாம். போக முடியாதவர்கள் நம்பிக்கையான சிநேகிதரின் அறையில் வைக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். போனில் டிரைவைத் திறந்து, ஆய்வறிக்கையின் கடைசி அத்தியாயம் வருகிறதா, நேற்று எழுதிய பந்தி அதில் இருக்கிறதா என்று கண்ணால் காண வேண்டும். சோதிக்காத பிரதியை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்று. கூகுளில் இரட்டைச் சரிபார்ப்புப் போட்டிருப்பவர்களுக்குப் பாஸ்வேர்ட் தெரிந்தாலும் போன் இல்லாமல் உள்ளே போவது கடினம். போனும் லெப்டொப்பும் ஒரே பையில் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் கோட்ஸ் என்று எட்டு இலக்கம் கொண்ட பத்துத் தொடர்கள் தருவார்கள். அதைக் கடதாசியில் எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள். நெருக்கடி நேரத்தில் அம்மா போனில் வாசித்துச் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: உங்களுடையது என்பதற்கு ஆதாரம்

போன் தொலைந்தால், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ இலக்கத்தைக் கொடுத்து வலையமைப்பில் முடக்கலாம். லெப்டொப்புக்கு அந்த வசதி இல்லை. சிம் போடும் அரிதான சில வகைகளைத் தவிர எதிலும் ஐஎம்இஐ கிடையாது. அதற்கு இருக்கும் முக்கிய அடையாளம் சீரியல் நம்பர். டெல் லெப்டொப்பில் அதைச் சர்வீஸ் டேக் என்பார்கள்.

லெப்டொப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்க ஸ்டிக்கரில் அது இருக்கும். தேய்ந்து போகும் முன் தெளிவாகப் படம் எடுங்கள். வாங்கிய பெட்டி இருந்தால் அதிலும் அதே இலக்கம் ஒட்டியிருக்கும். கள்ளன் ஸ்டிக்கரை உரித்து எறிந்தாலும், விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் இலக்கம் பொதுவாக அப்படியே இருக்கும். விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயோஸ் என்ற அமைப்புத் திரையைத் திறந்தால் எங்களைப் போன்ற திருத்துபவர்களுக்கு அது தெரியும். உங்கள் கையில் அந்த இலக்கம் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதோடு வை-ஃபை அட்டையின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள், வை-ஃபையின் ஹார்ட்வெயார் புரொப்பர்ட்டீஸ் என்ற இடத்தில், ஃபிசிக்கல் அட்ரஸ் என்று பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் கலந்து இருக்கும். களவு போன லெப்டொப்பைக் கம்பஸுக்குள்ளேயே யாராவது திறந்து வை-ஃபையில் இணைத்தால், வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த முகவரியை வைத்து எந்தப் பக்கத்தில் இணைந்தது என்று தேட வாய்ப்பு உண்டு.

பில்லைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கினாலும் மட்டக்களப்பு நகரில் வாங்கினாலும், பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். "லெப்டொப் 1" என்று மட்டும் எழுதிய பில் அது உங்கள் லெப்டொப்புக்கான பில் என்று காட்டாது. இன்றைக்குப் போனாலும் கடைக்காரர் எழுதித் தருவார். சீனியர் அண்ணனிடமோ அக்காவிடமோ பழையது வாங்கினால், ஒரு கடதாசியில் சீரியல் நம்பர், விலை, திகதி, விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். சிநேகிதரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். அது அவரையும் காப்பாற்றும் கடதாசிதான்.

பாதி விலைக்குக் குறைவாக, சார்ஜர் இல்லாமல், பாஸ்வேர்ட் தெரியாது என்று ஒருவர் லெப்டொப் நீட்டினால் வாங்கவே வேண்டாம். களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயம் இருந்தோ வைத்திருப்பது நம் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

உங்கள் பதிவு இலக்கத்தை லெப்டொப்பின் அடியில் கூரான ஊசியால் கீறி வைக்கலாம். அழகு கொஞ்சம் கெடும். அதைவிட, விற்கப் போகிறவனுக்கு விலை கெடும்.

மூன்றாம் படி: விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவை

பாஸ்வேர்ட் இல்லாத லெப்டொப்புகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. "அறையில நான் மட்டும்தானே" என்பார்கள். முதலில் ஒரு பாஸ்வேர்டோ பின் இலக்கமோ போடுங்கள். எழும்பிப் போகும் ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

அடுத்தது ஃபைண்ட் மை டிவைஸ். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும். அதை ஒன் செய்யுங்கள். லொக்கேஷனும் ஒன் ஆக இருக்க வேண்டும். உங்கள் சொந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால்தான் இது வேலை செய்யும். கம்பஸ் தந்த மாணவர் கணக்கில் மட்டும் நுழைந்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது. இயக்கிவிட்டால், லெப்டொப் இணையத்தில் இணையும் நேரம் அது எங்கே இருக்கிறது என்று வேறு கணினியிலோ போனிலோ பார்க்கலாம். தூர இருந்தே திரையைப் பூட்டலாம்.

இதன் எல்லையையும் தெரிந்து வைத்திருங்கள். இணையம் கிடைக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. கள்ளன் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் தொடர்பு அறுந்துவிடும். அதைக் கடினமாக்கத்தான் பயோஸ் பாஸ்வேர்ட். லெப்டொப் திறக்கும்போது எஃப்2, எஃப்10, டிலீட் போன்ற ஒரு விசையை அழுத்தினால் அந்தத் திரை வரும். எது என்பது தயாரிப்பைப் பொறுத்தது. அங்கே நிர்வாகப் பாஸ்வேர்ட் ஒன்று போட்டு, பென் டிரைவிலிருந்து இயங்கும் வசதியை நிறுத்திவிடலாம். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் உங்களுக்கே பெரிய தொல்லை. சில தயாரிப்புகளில் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டி வரும். எழுதி வீட்டில் வைக்க முடியாதவர்கள் இதைச் செய்யாமல் விடுவதே நல்லது.

இவற்றைவிட நான் முக்கியமாக நினைப்பது குறியாக்கம், அதாவது உள்ளே இருப்பதைத் திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றி வைப்பது. விண்டோஸ் பாஸ்வேர்ட் இருந்தாலும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். உங்கள் குடும்பப் படங்கள், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் படம் எல்லாம். பெண்பிள்ளைகள் லெப்டொப் போனதை வீட்டில் சொல்லவே பயந்து நின்றதைக் கண்டிருக்கிறேன். பயம் பொருளைப் பற்றியதாக இருக்கவில்லை, அந்தப் படங்களைப் பற்றியது. குறியாக்கம் செய்திருந்தால் கழற்றிப் போட்டாலும் வாசிக்க முடியாது. அதே பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் புரோ என்றால் பிட்லொக்கர் இருக்கும். இரண்டும் இல்லாத பழைய லெப்டொப்புக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் ஒரு கோப்புறையையாவது பூட்டி வைக்கலாம். பிட்லொக்கர் 48 இலக்க மீட்புத் திறப்பு ஒன்று தரும். அது மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்து, கடதாசியிலும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஒருநாள் பயோஸ் அப்டேட் ஆனபின் லெப்டொப் அந்த இலக்கத்தைக் கேட்டு நிற்கும். அப்போது என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்பிள் மெக்புக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. இடத்தைத் தேடும் ஃபைண்ட் மை, குறியாக்கம் செய்யும் ஃபைல்வோல்ட் இரண்டையும் இயக்கினால் போதும். புதிய வகைகளில் அழித்துப் போட்டாலும் உங்கள் அப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

பையில் போடும் சிறு தேடல் வில்லைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை தாமாக இணையத்தில் இணைவதில்லை. பக்கத்தில் போகும் போன்களின் உதவியோடுதான் இடத்தைச் சொல்கின்றன. அப்பிளின் ஏர்டேக் ஐபோன்களையே நம்பியிருக்கிறது; நம் பக்கம் பெரும்பாலும் அண்ட்ரொய்ட்தான். வாங்குவதானால் கூகுள் வலையமைப்போடு வேலை செய்யும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு படிகளையும் முடிக்காமல் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

நான்காம் படி: அறை

வந்தாறுமூலை, கொம்மாதுறை, செங்கலடிப் பக்கமும், அந்தப் பக்கம் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை வழியாகவும் பிள்ளைகள் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். அறை எடுக்கும்போது வாடகை, தண்ணி, கரண்ட் பற்றி மட்டும் கேட்கிறோம். யன்னலையும் பூட்டையும் பாருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கம் யன்னலைச் சாத்திக்கொண்டு படுக்க முடியாது. யன்னலில் கம்பி இருக்கிறது என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் பக்கத்து மேசையில் லெப்டொப்பைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி ஒன்று போதும். வெளியே நின்றே பையையும் போனையும் கம்பி வரைக்கும் இழுத்து எடுத்துவிடுவார்கள். மெல்லிய லெப்டொப் கம்பி இடைவெளிக்குள்ளால் சாய்த்து எடுக்கவும் வரும். மேசையை யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். சார்ஜ் போடும் இடமும் அங்கே இல்லையென்றால் நீள வயர் ஒன்று வாங்குங்கள். நுளம்பு வலைக் கம்பி அடித்தால் நுளம்புக்கும் தடை, தடிக்கும் தடை. வீட்டுக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கதவில் ஆமைப்பூட்டுப் போடுபவர்கள் பூட்டின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். பூட்டு மாட்டும் கொண்டி நாலு சின்ன ஸ்குரூ ஆணியில் நிற்கும்; ஸ்குரூவின் தலை வெளியே தெரிந்தால் பூட்டைத் தொடாமலே கழற்றிவிடலாம். தச்சரைக் கூப்பிட்டு, கதவுக்கு ஊடாகப் போகும் போல்ட் போட்டு உள்ளே நட் இறுக்கச் சொல்லுங்கள். பூட்டும் புதிதாக வாங்குங்கள். போன வருடம் இருந்த பிள்ளைகள், அவர்களின் சிநேகிதர்கள் என்று பழைய பூட்டின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறதோ தெரியாது.

திறப்பை நிலைக்கு மேலேயும், செருப்புக்குள்ளும், பூச்சட்டிக்கு அடியிலும் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூன்று பேர் இருக்கும் அறைக்கு மூன்று திறப்பு வெட்டுவதற்கு ஆகும் செலவு சிறியது.

விடுதிகளில் கதவைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போகும் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்தான நேரம். காலை எட்டு மணி விரிவுரைக்கு எல்லோரும் ஓடும்போது யார் எந்த அறைக்குள் நுழைகிறார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கடைசியாக வெளியேறுபவர் பூட்ட வேண்டும் என்ற ஒரு விதியை அறையில் எல்லோரும் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். அறையிலேயே லெப்டொப்பை விட்டுப் போகும் நாட்களுக்குப் பூட்டுப் போடும் அலுமாரியோ ட்ரங்குப் பெட்டியோ வேண்டும். பெட்டியைச் சங்கிலியால் கட்டிலின் காலோடு இணைத்துவிடலாம்.

வீட்டுக்கார அம்மாவோடும் அயலோடும் பழகி வையுங்கள். "உங்கட அறைக்கு யாரோ ரெண்டு பேர் வந்தாங்க மனே, நீங்க இல்ல எண்டு சொல்லி அனுப்பினேன்" என்று சொல்லும் ஓர் அம்மா இருந்தால் வேறு காவல் தேவையில்லை.

கார்த்திகை, மார்கழி மழையில் திடீரென்று வெள்ளம் ஏறி அறைகளை விட்டுப் போக வேண்டி வரும். சித்திரைப் புத்தாண்டு, பெருநாள், பரீட்சை லீவு எல்லாவற்றுக்கும் தெருவே வெறிச்சோடும். அப்படிப் போகும்போது லெப்டொப் உங்களோடு வர வேண்டும். "ரெண்டு நாள்தானே" என்று விட்டுப் போன அறைகள்தான் உடைபட்டிருக்கின்றன.

ஐந்தாம் படி: கம்பஸுக்குள்

இங்கே களவு போவது பெரும்பாலும் பூட்டை உடைத்து அல்ல. மேசையில் இருந்தது, எழும்பிப் போனேன், வந்து பார்த்தேன், இல்லை. இப்படித்தான்.

நூலகத்துக்குள் பையைக் கொண்டுபோக விடாத இடங்களில், லெப்டொப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறும் பையை ராக்கையில் வையுங்கள். ராக்கையில் ஒரே நிறத்துக் கறுப்புப் பைகள் வரிசையாக இருக்கும். வேண்டுமென்று எடுத்தாலும் மாறி எடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பரீட்சை நாள் இதைவிட மோசம். மண்டபத்துக்கு வெளியே பைகளைக் குவித்துவிட்டு இரண்டு, மூன்று மணிநேரம் உள்ளே இருப்பீர்கள். வெளியே வர முடியாது என்பது கள்ளனுக்கும் தெரியும். பரீட்சை நாளில் லெப்டொப்பைக் கம்பஸுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஒலுவிலில் லுஹர் என்ற பகல் தொழுகைக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் பாங்கு சொன்னதும் படித்துக்கொண்டிருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். வந்தாறுமூலையில் பகல் சாப்பாட்டுக்குக் கன்டீனுக்குப் போகும் நேரம் அதே மாதிரி. முறை வைத்து ஒருவர் இருங்கள். இருப்பவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "தங்கச்சி, இந்த ரெண்டு லெப்டொப்பையும் பாருங்க, நான் வரும் வரைக்கும் எழும்பாதீங்க." பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது கேபிள் பூட்டு. வாங்கும் முன் உங்கள் லெப்டொப்பின் பக்கவாட்டில் பூட்டுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான துளை 3 மில்லிமீற்றருக்கு 7 மில்லிமீற்றர் அளவு. புதிய மெல்லிய வகைகளில் இதைவிடச் சிறிய துளை இருக்கும், சிலவற்றில் துளையே இருக்காது. துளைக்குப் பொருந்தாத பூட்டை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். கேபிளை மேசைக் காலில் சுற்றினால், மேசையைத் தூக்கி உருவிவிடலாம். குறுக்குச் சட்டத்திலோ சுவரோடு பதித்த குழாயிலோ சுற்றுங்கள். பெரிய வெட்டுக் குறடு கொண்டுவருபவனை இது நிறுத்தாது. போகிற போக்கில் தூக்கிக்கொண்டு நடப்பவனை நிறுத்தும். கம்பஸில் வருபவன் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள்தான் என்பதால் வாங்கத் தகும் என்பது என் எண்ணம்.

ஆறாம் படி: பஸ்ஸிலும் ரயிலிலும்

கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்கு ஓடும் பஸ்களில் நெரிசல் நேரத்தில் பையை முதுகில் போடாமல் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மேல் தட்டில் வைத்தால் கண் அதில் இருக்க வேண்டும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் இரவு பஸ்களில் கீழே உள்ள சாமான் பெட்டிக்குள் லெப்டொப் பையைக் கொடுக்கவே கூடாது. நடுவழியில் நீங்கள் தூங்கும்போது யார் இறங்கி எதை எடுக்கிறார் என்று தெரியாது. அடிபட்டு உடையவும் செய்யும்.

மட்டக்களப்போடு ரயில் பாதை முடிகிறது என்பதால் அம்பாறைப் பிள்ளைகளும் மட்டக்களப்புக்கு வந்துதான் ரயில் ஏறுவார்கள். இரவு ரயிலில் யன்னல் திறந்திருக்கும். நிலையத்தில் மெதுவாகப் போகும்போது வெளியேயிருந்து கை நீட்டி எடுக்கலாம். பையை யன்னல் பக்கம் வைக்காமல் காலுக்கிடையில் வைத்து, வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தூங்குங்கள். கம்பனிப் பெயர் பெரிதாக எழுதிய லெப்டொப் பையைவிட சாதாரணப் பள்ளிக்கூடப் பை பாதுகாப்பானது.

ஓட்டோவில் மறந்து விட்டுவிடுவதும் நடக்கும். ஏறும் முன் இலக்கத் தகட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லெப்டொப்பின் பூட்டுத் திரையில் வீட்டுப் போன் நம்பரை எழுதிய ஒரு படத்தைப் போட்டு வைத்தால், நேர்மையான ஒருவர் கையில் கிடைக்கும்போது திரும்பி வரும்.

களவு போய்விட்டால்

முதலில் சுற்றிக் கேளுங்கள். நூலகத்தில் யாராவது எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். சிநேகிதர் அறைக்குக் கொண்டுபோயிருப்பார். இதற்கு ஒரு பத்து நிமிடம் போதும். அதற்குமேல் காத்திருக்காதீர்கள்.

அடுத்துப் போனை எடுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கில் ஃபைண்ட் மை டிவைஸைத் திறந்து, லெப்டொப்பைப் பூட்டும் கட்டளையைக் கொடுங்கள். அவசரத்தில் கணக்கிலிருந்து அந்தச் சாதனத்தை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் தேடும் வழியும் போய்விடும். பிறகு கூகுள் பாஸ்வேர்டை மாற்றி, அந்த லெப்டொப்பில் திறந்திருக்கும் கணக்கை வெளியேற்றுங்கள். வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் போய் அதையும் வெளியேற்றுங்கள். பேஸ்புக், இன்டர்நெட் பேங்கிங் அதன் பின். இந்த வேலை ஒன்றும் பிந்தக் கூடாது. பாஸ்வேர்ட் போடாத லெப்டொப் என்றால் கள்ளன் அந்த நிமிடமே உங்கள் பெயரில் மற்றவர்களிடம் காசு கேட்கலாம்.

கம்பஸுக்குள் நடந்தால் பாதுகாப்புப் பிரிவுக்கும் மார்ஷலுக்கும், விடுதி என்றால் வார்டனுக்கும் உடனே சொல்லுங்கள். அந்தப் பகுதியில் கமரா இருந்தால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். கமராப் பதிவுகளின் மேல் சில நாளில் புதிய பதிவு ஏறிவிடும். "வெள்ளிக்கிழமை சொல்லுவோம்" என்றால் பதிவு இருக்காது.

அதே நாளில் பொலிஸ் முறைப்பாடு. களவு நடந்த இடம் எந்தப் பொலிஸ் பிரிவோ அங்கே போங்கள். வந்தாறுமூலை ஏறாவூர்ப் பொலிஸ் பிரிவுக்குள் வரும். அறையை உடைத்து ஆள் இன்னும் உள்ளே நிற்கிறான் போலத் தெரிந்தால் நீங்கள் உள்ளே போகாமல் 119க்கு எடுங்கள். முறைப்பாட்டுக்கு அடையாள அட்டை, பில், சீரியல் நம்பர், லெப்டொப்பின் படம் வேண்டும். தமிழ் அரசகரும மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லவும், தமிழில் எழுதக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வேறு மொழியில் எழுதியிருந்தால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். சீரியல் நம்பர் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் பாருங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பிரதியோடு துறைத் தலைவருக்கும் ஆய்வு மேற்பார்வையாளருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள். எழுத்தில் இருந்தால் ஒப்படைத் திகதியை நீடிப்பதற்கு அவர்களுக்கும் ஓர் ஆதாரம் இருக்கும்.

பிறகு எங்களைப் போன்ற திருத்தும் கடைகளுக்கும், பழைய லெப்டொப் விற்கும் கடைகளுக்கும் சீரியல் நம்பரை அனுப்புங்கள். மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் விடாமல். களவெடுத்தவனால் பெரும்பாலும் தானாக லெப்டொப்பைத் திறக்க முடியாது. பாஸ்வேர்டை எடுத்துத் தரச் சொல்லி ஒரு கடைக்கு வந்தே ஆக வேண்டும். சீரியல் நம்பர் எங்கள் கையில் இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இக்மன், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற விற்பனைத் தளங்களையும் சில கிழமைகள் பார்த்து வாருங்கள். கண்டால் விளம்பரத்தைப் படம் எடுத்துப் பொலிஸில் கொடுங்கள். வாங்குபவர் போல நடித்து நீங்களே சந்திக்கப் போகாதீர்கள்.

வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும் அப்படித்தான். லெப்டொப் காட்டும் இடம் பெரும்பாலும் வை-ஃபையை வைத்துக் கணக்கிட்டது. நூற்றுக்கணக்கான மீற்றர் விலகலாம். வீடுகள் நெருங்கியிருக்கும் ஒரு குறிச்சியில் அந்த வட்டத்துக்குள் எத்தனையோ வீடுகள் வரும். பத்துப் பேராகச் சேர்ந்து போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், அது பிழையான வீடாக இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு நடக்கும் அவமானத்தை யாரும் திருப்பி எடுக்க முடியாது. அறைத் தோழர் மேல் சந்தேகம் வந்தாலும் சாட்சி இல்லாமல் வாய் திறக்காதீர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் கம்பஸ்கள் இவை. ஒரு லெப்டொப் காணாமற்போனதும் "அவங்கட ஆக்கள்தான்" என்று பேச்சு எழும்புவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கிடைத்துவிட்டால், அது உடனே உங்கள் கைக்கு வராமல் போகலாம். வழக்குப் பொருளாக நீதிமன்றத்துக்குப் போனால், உரிமையை நிரூபித்துத்தான் எடுக்க வேண்டும். சீரியல் நம்பர் எழுதிய பில்லும் முறைப்பாட்டுப் பிரதியும் அப்போது கையில் இருக்கட்டும். வாங்கி வந்ததும் அதில் எந்தக் கணக்கிலும் நுழையாதீர்கள். இடையில் யார் என்ன மென்பொருள் போட்டார்கள் என்று தெரியாது. டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பின்தான் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும். வேலை எல்லாம் டிரைவில் இருந்தால் அழிக்கத் தயங்க வேண்டி வராது.